ஒரே நேரத்தில் எத்தனை ஒலி? வீட்டில் கோஷ்டியை ஒலிப்பதிவு செய்யச் சாமான் வாங்குவோருக்கு

முதலில் நான் ஏமாந்த கதை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பாட்டுக் கோஷ்டிக்கென்று, பல ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸர் ஒன்று வாங்கினேன். 12 சனல், அதாவது ஒலி நுழைய 12 வழி; பின்பக்கத்தில் யுஎஸ்பி ஓட்டை. "லப்டொப்பில் குத்திவிடுங்கோ தம்பி, எல்லாம் தனித்தனியாக விழும்" என்றார் கடைக்காரர். கோண்டாவிலில் நண்பன் வீட்டு விறாந்தையில் ஆறு பேர் கூடி, வியர்க்க விறுவிறுக்க நாலு மணித்தியாலம் ஐந்து பாட்டு வாசித்தோம். இரவு வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் இரண்டே இரண்டு ட்ராக். இடது ஒன்று, வலது ஒன்று. கீபோட் பாடகரின் தலைக்குமேல் ஏறி நின்றது. அதைக் குறைக்க வழியே இல்லை. கறியில் கரைந்த உப்பை யார் பிரித்தெடுப்பது?

ஒவ்வொரு வாத்தியமும் தனி ட்ராக்கில் விழுந்தால்தான் பிறகு ஆறுதலாக இருந்து ஒன்றைக் கூட்டலாம், ஒன்றைக் குறைக்கலாம், பிழைவிட்டவரை மட்டும் கூப்பிட்டுத் திரும்ப வாசிக்கச் சொல்லலாம். இதுதான் மல்டிட்ராக். 1979இல் டியாக் நிறுவனம் சாதாரணக் கசெற்றில் நான்கு ட்ராக் பதியும் போட்டாஸ்ரூடியோ என்ற பெட்டியை விற்கத் தொடங்கிய பிறகு இந்த வேலை ஸ்ரூடியோக்களை விட்டு வீடுகளுக்குள்ளும் வந்தது. இன்று எட்டு ட்ராக் பதியும் பெட்டி ஒரு நடுத்தரக் கைத்தொலைபேசியின் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் புதியவர்கள் காசை விடுகிறார்கள்.

கடைக்குப் போக முன் ஒரு தாள்

மொடல் பெயர்களை இணையத்தில் தேட முன்பு ஒரு தாளை எடுத்து, உங்கள் கோஷ்டியில் ஒரே நேரத்தில் பதிய வேண்டிய ஒலிகளை எழுதுங்கள். ஆட்களின் எண்ணிக்கையும் ஒலிகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. கீபோட்டில் இருந்து இடது, வலது என்று ஸ்டீரியோவாக எடுத்தால் ஒரு ஆளுக்கே இரண்டு உள்ளீடு, அதாவது பெட்டியில் வயர் குத்தும் இரண்டு இடம், போய்விடும்.

நம்மூர்க் கலியாண வீட்டுக் கோஷ்டி ஒன்றை எடுப்போம். குச்சியால் தட்டும் மின் தாளப் பலகையான ஒக்ரபாட் 2, கீபோட் 2, பேஸ் கிற்றார் 1, லீட் கிற்றார் 1, பாடகர் 1. மொத்தம் 7. இதில் மைக் தேவைப்படுவது பாடகருக்கு மட்டும். மற்றதெல்லாம் வயரிலேயே வரும். ஒக்ரபாட்டைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் பெடியள் உண்டு. ஆனால் வீட்டு ஒலிப்பதிவில் அது எவ்வளவு காசை மிச்சம் பிடிக்கிறது என்று அடுத்த கணக்கைப் பார்த்தால் தெரியும்.

உண்மையான ட்ரம்ஸ் வைத்திருக்கும் கோஷ்டி என்றால் ட்ரம்ஸுக்கு மட்டும் ஆகக் குறைந்தது 4 மைக். பேஸ் 1, கிற்றார் 1, கீபோட் 2, பாடகர் 1. மொத்தம் 9. எட்டு உள்ளீட்டுப் பெட்டிக்குள் அடக்க வேண்டுமென்றால் கீபோட்டை ஒரே வயரில் மோனோவாக எடுக்கலாம், அல்லது பிறகு தனியாக வாசிக்க விடலாம். கர்நாடக இசைக் கச்சேரி என்றால் கணக்கு சிறியது: குரல் 1, வயலின் 1, மிருதங்கத்துக்கு 2. நான்கோடு முடிந்தது. கடமோ கஞ்சிராவோ சேர்ந்தால் ஐந்து.

இனி அடுத்த கேள்வி. இவ்வளவும் ஒரே நேரத்தில் பதியத்தான் வேண்டுமா? ட்ரம்ஸும் பேஸும் முதலில் வாசித்து, மற்றவர்கள் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டு ஒவ்வொருவராகச் சேரலாம். காசு குறைந்தவர்களுக்கு இது நல்ல வழி. என் அனுபவத்தில் மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்துப் பழகிய கோஷ்டியைத் தனித்தனியாக இருத்தினால் பாட்டு செத்துப்போகும். தாளம் சரியாக இருக்கும், உயிர் இருக்காது. ஆகவே மேடைக் கோஷ்டிக்கு 8 உள்ளீடு. பாட்டெழுதி இருவர் மூவராகச் சேர்ந்து செய்பவர்களுக்கு 2 அல்லது 4 போதும்.

அந்த எண்ணைத் தாளின் மேலே பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். கடையில் யார் என்ன சொன்னாலும் அதைப் பார்த்துக்கொண்டே கதையுங்கள்.

பெட்டி

மைக்கில் இருந்தும் கிற்றாரில் இருந்தும் வரும் மின்சைகையை இலக்கமாக்கி லப்டொப்புக்கு அனுப்பும் பெட்டிக்கு ஓடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர். வாங்கும்போது பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. மைக் நேரடியாகக் குத்தக்கூடிய உள்ளீடுகள், அதாவது மைக்கின் சிறு மின்சைகையைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப் உள்ளவை, எத்தனை? யுஎஸ்பி வழியாகக் கணினிக்குத் தனித்தனியாகப் போகும் சனல்கள் எத்தனை?

இரண்டாவது எண்ணில்தான் நான் விழுந்தேன். மலிவான யுஎஸ்பி மிக்ஸர்களில் பெரும்பாலானவை முன்னால் எத்தனை சனல் இருந்தாலும் எல்லாவற்றையும் கலந்து இரண்டாக்கித்தான் அனுப்பும். பெட்டியில் யுஎஸ்பி என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பவேண்டாம். மல்டிட்ராக் யுஎஸ்பி என்றோ, 18இன்18 என்ற மாதிரி உள்ளே எத்தனை வெளியே எத்தனை என்றோ விவரத்தாளில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அது இரண்டுதான்.

முதல் எண்ணிலும் ஒரு வித்தை உண்டு. 18 உள்ளீடு என்று பெயரில் இருக்கும் பெட்டியில் மைக் குத்த 8 இடம்தான் இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி ஒப்டிக்கல் வயரால் வருவது. அதற்கு வேறொரு பெட்டி வாங்க வேண்டும். இது ஏமாற்று இல்லை, பிறகு உதவும் வசதி. ஆனால் இன்றைக்கு உங்களுக்கு வேண்டியது மைக் ஓட்டைகளின் எண்.

இரண்டு உள்ளீட்டில் போகஸ்ரைட் ஸ்கார்லெற் 2ஐ2 எங்கும் தெரிந்த பெயர். நான்கு மைக் ப்ரீஆம்புடன் பெரிஞ்சரின் யுஎம்சி404எச்டி இருக்கிறது. கச்சேரி பதிபவர்களுக்கு இதுவே போதும். எட்டுக்குப் போனால் அதே பெரிஞ்சரின் யுஎம்சி1820 மலிவு, ஸ்கார்லெற் 18ஐ20 விலை கூட. புதியவர் ஒருவருக்கு இந்த இரண்டின் ஒலியிலும் உள்ள வித்தியாசம் மைக்கை ஒரு சாண் நகர்த்துவதால் வரும் வித்தியாசத்தைவிடச் சிறியது. மிச்சக் காசை மைக்கில் போடுங்கள். யுஎம்சி1820 இன் ஒப்டிக்கல் வழியில் ஏடிஏ8200 என்ற எட்டு மைக் பெட்டியைப் பிறகு சேர்த்து 16 ஆக்கவும் முடியும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இரண்டு உள்ளீட்டுப் பெட்டி இரண்டை வாங்கினால் நான்காகிவிடும் என்று நினைக்காதீர்கள். விண்டோஸில் ஒலிப்பதிவுக்குப் பாவிக்கும் ஆசியோ ட்ரைவர் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு பெட்டியோடுதான் பேசும். மக் கணினியில் இரண்டையும் ஒன்றாகக் காட்ட வழி உண்டு, ஆனால் இரு பெட்டிகளின் கடிகாரமும் மெல்ல மெல்ல விலகும் தொல்லையைச் சமாளிக்க வேண்டும். உங்கள் எண் நான்கென்றால் நான்கு உள்ள ஒரே பெட்டியாக வாங்குங்கள்.

மேடைக்கும் போகிற கோஷ்டி என்றால் வேறு கணக்கு. பெரிஞ்சர் எக்ஸ்ஆர்18 மாதிரியான டிஜிற்றல் மிக்ஸரில் 16 மைக் ப்ரீஆம்ப் உண்டு. டப்லெற்றில் இருந்து இயக்கலாம். யுஎஸ்பியில் 18 சனலும் தனித்தனியாகப் போகும். கோயில் திருவிழாவில் மிக்ஸராகவும் வீட்டில் இன்டர்ஃபேஸாகவும் ஒரே சாமான் உழைக்கும். மேடை வருமானத்தில் தவணையைக் கட்டலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கணினியே வேண்டாம் என்பவர்களுக்கு எஸ்டி காட்டில் நேரே பதியும் பெட்டிகள் இருக்கின்றன. சூம் லைவ்ட்ராக் எல்12 இல் ஐந்து பேருக்கு ஐந்து விதமான ஹெட்போன் கலவை கொடுக்கலாம். இது எவ்வளவு பெரிய வசதி என்று பிறகு சொல்கிறேன். டஸ்காம் மொடல் 12 இன்னொன்று. பழைய சாமானாக சூம் ஆர்16 கிடைத்தால் விடாதீர்கள். ஒரே நேரத்தில் 8 ட்ராக் பதியும், ஆறு டபிள்ஏ பற்றரியிலும் ஓடும். கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது. கரண்டால் வரும் உறுமலும் வராது.

மைக்

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட தலைமுறைக்கு டைனமிக் மைக்கை விளக்கத் தேவையே இல்லை. டைனமோவில் காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றுக்கொன்று அசைய மின்சாரம் பிறந்தது. மைக்கிலும் அதே. உங்கள் குரல் ஒரு மெல்லிய தகட்டைத் தள்ள, அதோடு ஒட்டிய சுருள் காந்தத்துக்குள் அசைந்து சிறு மின்சாரம் உண்டாகிறது. வெளியில் இருந்து கரண்ட் வேண்டாம், அடிபட்டாலும் தாங்கும், பெரிய சத்தத்துக்குப் பயப்படாது. தூரத்துச் சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காது என்பது வீட்டு ஒலிப்பதிவில் ஒரு வரம்.

கண்டென்சர் மைக் இன்னும் நுண்ணியது. அதற்குப் பெட்டியில் இருந்து 48 வோல்ட் போக வேண்டும். பாண்டம் பவர் என்பார்கள். மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் வயரில்தான் அது போகும். கரோக்கி மைக்கோடு வரும், ஒரு முனையில் தடித்த ஜக் உள்ள வயரில் போகாது. கண்டென்சர் எல்லாவற்றையும் கேட்கும்: மின்விசிறி, பக்கத்து வீட்டு நாய், குசினியில் தாளிக்கிற சத்தம். பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோ எங்கள் மூன்று பதிவுகளில் இருக்கிறது.

எனவே புதியவருக்கு என் கணக்கு இது. முதல் நான்கு மைக்கில் இரண்டு டைனமிக், இரண்டு சிறிய கண்டென்சர். டைனமிக்கில் ஷுவர் எஸ்எம்57, எஸ்எம்58 இரண்டும் அறுபதுகளின் நடுவில் இருந்து மாறாமல் விற்கும் சாமான். 57 கிற்றார் அம்பிளிஃபயருக்கும், ட்ரம்ஸ் வாசிப்பவரின் முன்னால் இருக்கும் சிறு மேளமான ஸ்நேர் ட்ரம்முக்கும், 58 குரலுக்கும் பேர் போனவை. அந்த விலை முடியாது என்றால் பெரிஞ்சர் எக்ஸ்எம்8500 வாங்குங்கள். விலைக்கு மேலாக உழைக்கும். கண்டென்சருக்கு சோடியாகவே விற்கும் பெரிஞ்சர் சி2 ஆரம்பத்துக்குப் போதும். பாடகருக்கென்று ஒரு பெரிய கண்டென்சர் வேண்டுமானால் ஓடியோ டெக்னிக்கா ஏடி2020, ஆனால் அறை நன்றாக இல்லாவிட்டால் அதே பாடகர் 58 இல் நன்றாகக் கேட்பார். சோதித்த பிறகே வாங்குங்கள்.

ஷுவர் மைக்குகளில் போலிகள் ஏராளம். அசல் 58 இன் நிறை 298 கிராம், 57 இன் நிறை 284 கிராம். பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே பல போலிகள் பிடிபடும். எல்லாம் பிடிபடாது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் தராசுக்கே வேலையில்லை.

ட்ரம்ஸுக்கு ஏழு மைக் ஒரே பெட்டியில் வரும் மலிவுக் கட்டுகள் ஆசையைத் தூண்டும். அதில் காலால் அடிக்கும் கிக் ட்ரம்முக்கான மைக் பெரும்பாலும் பாவிக்கக்கூடியதாக இருக்கும், மேலே தொங்கவிடும் இரண்டும் காலை வாரும். நான்கே மைக்கில் ட்ரம்ஸ் பதிய இங்கிலாந்து ஒலிப்பதிவாளர் கிளின் ஜோன்ஸின் பெயரில் ஒரு முறை இருக்கிறது. கிக்குக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று. மூன்றாவது மைக் ஸ்நேருக்கு நேர் மேலே, ஒரு மீற்றர் அளவு உயரத்தில். நான்காவது வாசிப்பவரின் வலப்பக்கம், தரையில் நிற்கும் பெரிய டொம்முக்கு அப்பால், ஸ்நேரைப் பார்த்தபடி. இந்தக் கடைசி இரண்டும் ஸ்நேரின் நடுவில் இருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு சணல் நூலை ஸ்நேரில் பிடித்து முதல் மைக்வரை அளந்து, அதே நூலை மற்றதுக்குக் கொண்டுபோங்கள். தூரம் ஒன்றாக இருந்தால் ஸ்நேரின் ஒலி இரண்டு மைக்கிலும் ஒரே கணத்தில் விழும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று வெட்டி, ஸ்நேர் பப்படம் மாதிரி மெலிந்து கேட்கும்.

தவில் மேதை தட்சணாமூர்த்தி பிறந்த மண்ணில் இருந்துகொண்டு தவிலை விட்டுவிட முடியாது. ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் கூடு மாட்டிய விரல்கள். இரண்டும் இரண்டு வாத்தியம் மாதிரி. இரண்டு பக்கமும் டைனமிக் மைக் வையுங்கள், தோலில் இருந்து ஒன்றரை அடியாவது தள்ளி. கிட்டக் கொண்டுபோனால் அடி மட்டும் விழும், நாதம் விழாது. நாதஸ்வரத்தின் ஒலி கீழ்முனைப் புனலான அணைசில் இருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளில் இருந்தும் வருகிறது. அதனால் அணைசின் வாயில் மைக்கைச் செருகாமல் மூன்று நாலு அடி தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்க்க வையுங்கள். இரண்டையும் சின்ன அறைக்குள் பதிய நினைக்காதீர்கள். முற்றம் நல்லது.

மிருதங்கத்துக்கு வலப்பக்கத் தோலான வலந்தலைக்கும் இடப்பக்கத் தோலான தொப்பிக்கும் ஒவ்வொன்று. ஒன்றே இருந்தால் முன்னால் இரண்டடி தள்ளி, வலந்தலைப் பக்கம் சற்றுச் சாய்த்து.

பேஸ் கிற்றாரையும் லீட் கிற்றாரையும் நேரே குத்துவதானால் பெட்டியில் இன்ஸ்ட்ருமென்ற் அல்லது ஹைஸி என்று எழுதிய உள்ளீட்டில் குத்துங்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் கிற்றாரின் பிக்கப் ஒரு மெகாஓம் அளவு எதிர்ப்பைத்தான் எதிர்பார்க்கிறது. சாதாரண லைன் உள்ளீட்டில் குத்தினால் ஒலி மொட்டையாகிவிடும். அப்படி உள்ளீடு இல்லாத பெட்டிக்கு, கிற்றாரின் சைகையை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் டிஐ பொக்ஸ் ஒன்று வேண்டும், மலிவுதான்.

வயர், ஸ்ராண்ட், ஹெட்போன்

பட்ஜெற்றில் எல்லோரும் மறப்பது இந்த மூன்றும். எட்டு மைக் வாங்கி வயருக்குக் காசில்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மொத்தக் காசில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கென்று முதலே எடுத்து வையுங்கள். வயரை மீற்றர் கணக்கில் வாங்கி நீங்களே ஈயம் பற்றவைத்தால் மலிவு. ஆனால் உள்ளே இரண்டு கம்பியும் சுற்றிவர வலையும் உள்ள மைக் வயர்தானா என்று வெட்டிப் பார்த்து வாங்குங்கள். ஒரு கம்பி மட்டும் இருந்தால் அது வேறு சாமான்.

ஹெட்போன் காதை முழுவதும் மூடுகிற, பின்பக்கம் அடைத்த வகையாக இருக்க வேண்டும். திறந்த வகையில் இருந்து தாள ஒலி கசிந்து பாடகரின் மைக்கில் விழும். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு உதவவே உதவாது. நீங்கள் அடித்த அடி காதுக்கு வர முன் அடுத்த அடி வந்துவிடும். நாலு பேர் கேட்க வேண்டுமென்றால் பெரிஞ்சர் எச்ஏ400 போன்ற சின்ன ஹெட்போன் அம்பிளிஃபயர் ஒன்று. அதில் எல்லோருக்கும் ஒரே கலவைதான். ட்ரம்ஸ் வாசிப்பவர் பேஸைக் கூட்டச் சொல்லுவார், பாடகர் தன் குரலைக் கூட்டச் சொல்லுவார், சண்டை தொடங்கும். மேலே எல்12 இன் ஐந்து கலவையை மெச்சியதற்குக் காரணம் இதுதான்.

ஸ்பீக்கர்? பிறகு பார்க்கலாம். முதல் ஆறு மாதம் நல்ல ஹெட்போனில் கலந்து, ஓட்டோவிலும் கைத்தொலைபேசியிலும் போட்டுப் பாருங்கள்.

லப்டொப்

இதற்குப் புதிய கணினி வாங்க வேண்டாம். எட்டு ட்ராக் பதிவது பாரமான வேலை இல்லை. 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ் என்ற பதிவுத் தரத்தில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு 8.64 மெகாபைற். எட்டு ட்ராக் ஒரு மணித்தியாலம் ஓடினால் 4.1 கிகாபைற் சொச்சம். பழைய ஐ5 லப்டொப்பில் 8 கிகாபைற் ரமும் எஸ்எஸ்டியும் போட்டால் தாராளம். காசை எஸ்எஸ்டியில் போடுங்கள்.

மென்பொருளில் ரீப்பரைச் சொல்வேன். 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம், தனியாருக்கான உரிமம் 60 அமெரிக்க டொலர். மக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பாண்ட் இலவசம். களவு மென்பொருளோடு வரும் வைரஸ் ஒரு இரவில் ஒரு அல்பத்தைத் தின்றுவிடும், ஆகவே அந்தப் பக்கம் போகாதீர்கள்.

லப்டொப் ஒலியைச் சிறுசிறு துண்டாகச் சேர்த்துக் கையாளும் அளவுக்கு பஃபர் என்று பெயர். பதியும்போது அதை 128க்கு வையுங்கள். 48 கிலோஹேர்ட்ஸில் அது 2.7 மில்லிசெக்கன் தாமதம், காதுக்குத் தெரியாது. 1024 என்றால் 21 மில்லிசெக்கன், பாடகர் திணறுவார். லப்டொப் திக்கினால் ஒலியை லப்டொப்புக்குள் சுற்றவிடாமல் நேரே ஹெட்போனுக்குக் கொடுக்கும், இன்டர்ஃபேஸிலேயே உள்ள டிரெக்ட் மொனிற்றர் பட்டனைப் பாவியுங்கள். கலக்கும்போது மறுபடி 1024க்கு ஏற்றிவிடலாம்.

அறையும் கரண்டும்

நம் வீடுகள் வெயிலுக்குக் கட்டியவை. சீமெந்துச் சுவர், மாபிள் தரை, பத்துக்குப் பத்து அறை. பத்தடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களில் மோதி மோதித் தங்கி நிற்கும் ஒலி நம்மூர்ச் சூட்டில் ஏறத்தாழ 57 ஹேர்ட்ஸ். பேஸ் கிற்றாரின் ஏ கம்பி 55 ஹேர்ட்ஸ். அதனால்தான் அந்தக் கம்பியைத் தொட்டதும் யன்னல் அதிர்கிறது, அடுத்த கம்பி காணாமல் போகிறது. நீளமும் அகலமும் உயரமும் வேறுவேறான அறையைத் தேடுங்கள்.

முட்டை மட்டையைச் சுவரில் ஒட்டுவதை விடுங்கள். அது கீச்சுக் குரலைக் கொஞ்சம் மங்கச் செய்யும், அடித்தொனியைத் தொடவும் மாட்டாது. மூலைகளில் தும்பு மெத்தையைச் சாத்தி வையுங்கள்; சேலை நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்து விடுங்கள்; பாடகரின் முதுகுக்குப் பின்னால் தடித்த கம்பளியைக் கொடியில் போடுங்கள். நான் கேட்டதில் ஆக நல்ல அறை ஒரு கிடுகுக் கொட்டில். கூரை ஒலியைக் குடித்துவிடும், எதிரொலியே இல்லை. ஆனால் வெளிச்சத்தமும் அப்படியே உள்ளே வரும், அதனால் இரவு பத்துக்குமேல்தான். அதிலும் நல்லூர்த் திருவிழா 25 நாளும் அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒலிப்பதிவு வைக்காமல் இருப்பது உத்தமம்.

கரண்ட் விஷயத்தில் இரண்டு கவலை. ஒன்று உறுமல். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். உறுமல் அந்த 50இலும் அதன் மடங்குகளிலும் வரும். எல்லாச் சாமானையும் ஒரே எக்ஸ்ரென்ஷன் போட்டில் குத்துங்கள். லப்டொப் சாஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓட்டுங்கள். பாதி உறுமல் அதோடு போகும். மிச்சத்துக்கு டிஐ பொக்ஸில் உள்ள, ஒலி வயரின் ஏர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிறவுண்ட் லிஃப்ட் சுவிச்சைத் தட்டிப் பாருங்கள். மின்விசிறி றெகுலேற்றரும் மங்கச் செய்யும் விளக்கும் கிற்றாருக்குள் புகுந்து கீச்சிடும், அணையுங்கள்.

மற்றக் கவலை உயிர். பழைய வீடுகளில் ஏர்த் வயர் இருக்காது. கிற்றாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று அடிக்கும். அது ஒரு நாள் பெரிதாகவும் அடிக்கலாம். உறுமலைக் குறைக்க பிளக்கின் ஏர்த் பின்னை வெட்டுகிற பழக்கம் நம்மூரில் இருக்கிறது, அதைச் செய்யவே வேண்டாம். ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று ஒரு எலெக்ரீஷியனைக் கொண்டு பார்த்த பிறகே கோஷ்டியைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, உப்புக் காற்று. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கண்டென்சர் மைக்கைப் பால்மா ரின்னில் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி வையுங்கள். ஈரம் பிடித்த மைக் பொரியிற மாதிரிச் சத்தம் போடும்.

எங்கே, எந்த ஒழுங்கில்

ரூபாயில் விலை எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. அதற்கு முன் எழுதிய விலைப்பட்டியலை இன்னும் வைத்துக்கொண்டு கடையில் சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். விலையை அன்றன்றைக்கு யாழ்ப்பாணத்தில் இரண்டு கடையிலும் கொழும்பில் இரண்டு கடையிலும் கேளுங்கள். கொழும்பில் மலிவாக இருந்தாலும் பஸ் செலவையும், பழுதானால் திரும்பக் கொண்டுபோகும் அலைச்சலையும் கூட்டிப் பாருங்கள்.

மாமாவோ சித்தியோ வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள் என்றால் மைக்கைச் சொல்லிவிடுங்கள். பாரம் குறைவு, கரண்ட் பிரச்சினையும் இல்லை. பெட்டிகளைச் சொல்லும்போது மட்டும் கவனம். லண்டனில் வாங்கியது அப்படியே ஓடும். கனடாவில் கரண்ட் 120 வோல்ட். அங்கிருந்து வரும் அடப்ரரில் 100-240 என்று எழுதியிருந்தால் பயமில்லை, 120 என்று மட்டும் இருந்தால் நம் சொக்கற்றில் குத்திய அடுத்த நிமிடம் புகை. படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாசித்துப் பார்த்த பிறகு காசை அனுப்புங்கள்.

பழைய சாமான் வாங்குவதில் வெட்கம் வேண்டாம். டைனமிக் மைக், ஸ்ராண்ட், டிஐ பொக்ஸ் எல்லாம் பழசாகவே வாங்கலாம். இன்டர்ஃபேஸ் பழசென்றால் உங்கள் லப்டொப்பின் விண்டோஸுக்கு ட்ரைவர் இன்னும் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பிறகு ஒரு மைக்கையும் ஹெட்போனையும் கையோடு கொண்டுபோய், ஒவ்வொரு உள்ளீட்டிலும் குத்தி, சத்தக் குமிழை மெல்லத் திருப்புங்கள். கரகரத்தால் தூசு, ஒரு சனலில் ஒலியே வராவிட்டால் பேரம் பேச வேண்டாம், எழும்பி வந்துவிடுங்கள். 48 வோல்ட்டைப் போட்டு கண்டென்சர் ஒன்றையும் சோதியுங்கள்.

ஒழுங்கு என்று கேட்டால், எண்ணுக்கு ஏற்ற பெட்டியை ஒரே தடவையில் வாங்குங்கள். அதில் மட்டும் சின்னதில் தொடங்காதீர்கள், ஏனென்றால் அதை விற்றுத்தான் பெரிதை வாங்க வேண்டியிருக்கும். மைக்கை இரண்டிரண்டாகச் சேர்க்கலாம். ஊரில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கும் அண்ணையிடம் ஒரு நாளுக்கு ஆறு மைக்கும் ஸ்ராண்டும் வாடகைக்கு எடுங்கள். எது உங்கள் பாடகருக்குப் பொருந்துகிறது என்று வாங்க முன்பே தெரிந்துவிடும்.

முதல் நாள்

பாட்டுப் பதியும் நாளுக்கு முந்தின நாள், கோஷ்டி இல்லாமல் நீங்கள் மட்டும் எல்லாவற்றையும் பூட்டுங்கள். ஒவ்வொரு மைக்கையும் நகத்தால் மெதுவாகத் தட்டி, திரையில் எந்த ட்ராக்கின் ஒலி அளவு காட்டும் மீற்றர் துள்ளுகிறது என்று பாருங்கள். ட்ராக்குக்குப் பெயர் வையுங்கள். ஓடியோ 1, ஓடியோ 2 என்று விட்டால் இரண்டு மாதம் கழித்துத் தலைசுற்றும்.

கோஷ்டி வந்ததும் பாட்டின் ஆகச் சத்தமான இடத்தை வாசிக்கச் சொல்லி, உச்சம் அந்த மீற்றரில் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி குமிழைத் திருப்புங்கள்; பூச்சியம்தான் எல்லை. சிவப்பு எரியவே கூடாது. சோதனையில் மெதுவாக வாசித்த ட்ரம்ஸ்காரர் உண்மைப் பாட்டில் இரண்டு மடங்கு அடிப்பார், அதற்கும் இடம் விடுங்கள். ஒரு நிமிடம் மட்டும் பதிந்து, நிறுத்தி, எட்டு ட்ராக்கையும் ஒவ்வொன்றாகத் தனியே கேளுங்கள். ஆறு பேரும் காத்திருப்பார்கள், யாராவது "தொடங்குவம்" என்று அந்தரப்படுவார்கள். கேட்டு முடிக்கும்வரை தொடங்காதீர்கள்.

வாசித்து முடிந்ததும் லப்டொப்பை மூட முன் அந்தக் கோப்புறையை வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுங்கள். தேத்தண்ணி அதற்குப் பிறகு.